ரயில்வே பாஸில் வளர்ந்தவள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1980களில் நாங்கள் இருந்தது அங்கேயே, ரயில்வே குவார்ட்டர்ஸில். காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் தெருவே சைக்கிளில் கிளம்பிப் போகும். எங்களிடம் ஸ்கூட்டர் கிடையாது, ஃப்ரிட்ஜ் கிடையாது, டி.வி. ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. ஆனால் நான் பத்தாவது முடிப்பதற்குள் டில்லி, ஆக்ரா, காசி, பூரி, பம்பாய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கேள்விகள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டன. அப்போது கேட்டவர்கள் அத்தை, சித்தி, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமி. இப்போது ஆபீஸில் கைக்குழந்தை வைத்திருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். குடும்பத்தோடு ஊர் சுற்றுவது பற்றித்தான் எல்லாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

உங்கள் அப்பா அவ்வளவு பெரிய சம்பளக்காரரா?

இல்லை. எல்லாம் பாஸ்தான். ரயில்வேயில் அவர் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஐந்து வருஷ சர்வீஸ் முடிந்ததும் வருஷத்துக்கு 3 செட் இலவச பாஸ் உண்டு. ஒரு செட் என்றால் போக ஒன்று, வர ஒன்று. மனைவி, பிள்ளைகள், கணவனை இழந்து மகனை அண்டியிருக்கும் தாயார் வரை அதில் வரலாம். அதனால் பாட்டியும் எங்களோடு வந்தாள். அது போக பி.டி.ஓ. (பிரிவிலேஜ் டிக்கெட் ஆர்டர்) என்கிற சலுகைச் சீட்டு 4 செட். அதில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். அப்போதெல்லாம் பாஸ் என்பது எழுதி, முத்திரை குத்திக் கொடுத்த காகிதம். 2020-க்குப் பிறகு அதுவும் கணினிக்குள் போய்விட்டது.

டிக்கெட்தான் இலவசம், வயிறு இலவசமில்லை. அப்பாவிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. 1986 மே மாதம் டில்லி, ஆக்ரா போய் வந்த கணக்கு அதில் இப்படி முடிகிறது: 14 நாள், 5 பேர், 1,140 ரூபாய். அதில் 35 ரூபாய்க்கு எதிரே “வளையல் (வீண்)” என்று எழுதியிருக்கிறார். அந்த வளையல் இன்னும் அக்காவிடம் இருக்கிறது.

ரயில்வேயில் இல்லாதவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. இருக்கிறது, லீவில் குடும்பத்தோடு போய்வரும் பயணச் செலவை அரசே கொடுக்கிற சலுகை. நாலு வருஷம் ஒரு பிளாக். அதற்குள் இரண்டு முறை சொந்த ஊர் போகலாம், அல்லது ஒரு முறை சொந்த ஊர், ஒரு முறை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் எட்டு வருஷத்துக்கு இன்னும் தாராளம்: ஒவ்வொரு பிளாக்கிலும் மூன்று சொந்த ஊர், ஒரு வெளியூர். என்னோடு படித்த பலர் முதல் முறையாகக் கடலைப் பார்த்ததே அப்பாவின் எல்.டி.சி.யில்தான். இந்த எதுவுமே இல்லாதவர்களும் கிளம்பத்தான் செய்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் டெய்லர் கடை வைத்திருந்தவர் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு பாசஞ்சர் ரயிலில் வேளாங்கண்ணி போவார். அந்த வீட்டுப் பிள்ளைகள் பேசுகிற பேச்சும் எங்கள் பேச்சு மாதிரியே இருக்கும்.

வருஷா வருஷம் போயே ஆகணுமா? ஒரு வருஷம் சும்மா இருந்தால் என்ன?

இருக்க முடியாது. அந்த வருஷக் கணக்கில் பாஸ் எடுக்காவிட்டால் அது போனதுதான். பாஸை வீணாக்குவது அப்பாவுக்குச் சோற்றைக் கொட்டுவது மாதிரி. நவம்பர் பிறந்தாலே காலண்டரையும் டைம்டேபிளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 1984 டிசம்பரில் கையில் ஒரு செட் மிச்சம், லீவோ மூன்று நாள்தான். குண்டக்கல் போனோம். ஆமாம், குண்டக்கல். பெரிய ஜங்ஷன், நாலா பக்கமும் பாதை பிரிகிற இடம், பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பி வந்தோம். “குண்டக்கல்லில் என்ன கோயில் விசேஷம்?” என்று அத்தை கேட்டாள். அம்மா முகத்தில் ஒன்றையும் காட்டாமல் “ஆஞ்சநேயர்” என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் பயணம் என்பது ஒரு வீட்டு வேலை. வடகம் போடுவது, வெள்ளையடிப்பது மாதிரி வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. கூஜா என் பொறுப்பு. பெட்டிகளை எண்ணுவது அக்கா. இறங்கும்போது “அஞ்சு உருப்படி” என்று அவள் சத்தமாகச் சொன்ன பிறகுதான் நடக்கவே ஆரம்பிப்போம். பாட்டி ஹோல்டால் (படுக்கையைச் சுருட்டிக் கட்டும் உறை) மேல் உட்கார்ந்து காவல். இதனால் அறிவு வளரும், அனுபவம் கிடைக்கும் என்றெல்லாம் எங்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் அன்றைக்கே அலுத்துப் போயிருக்கும்.

இரண்டு ராத்திரி ரயிலில் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

எல்லாரும் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்கும் பிடித்த கேள்வி இதுதான்.

வடக்கே போக வேண்டுமென்றால் அன்று திருச்சியிலிருந்து மீட்டர் கேஜ் (குறுகலான தண்டவாளம்) வண்டியில் எழும்பூர், அங்கே இறங்கி சென்ட்ரல், அங்கிருந்து கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ். ஆக எழும்பூருக்கு ஒரு ராத்திரி, டில்லிக்கு இரண்டு ராத்திரி. எது முதலில் கெடுமோ அதை முதலில் தின்ன வேண்டும் என்பது அம்மாவின் ஒரே விதி.

முதல் நாள் எலுமிச்சை சாதம். அடுத்தது தயிர்சாதம். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதத்தைக் குழைய வடித்து, மசித்து, நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. கிளம்பும்போது அது பால்சாதம். மறுநாள் மதியம் தூக்கைத் திறந்தால் புளிக்காத தயிர்சாதம். நேராகத் தயிர் ஊற்றிப் பிசைந்தால் குண்டூர் வெயிலுக்கு வாயில் வைக்க முடியாது. இட்லிக்கு இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி, வாட்டிய வாழையிலையில் ஐந்தைந்தாகப் பொட்டலம். சட்னி கூடவே கூடாது. தேங்காய் பட்டதெல்லாம் முதலில் கெடும். கடைசி வரைக்கும் தாங்குவது புளியோதரை. அதிலும் புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். கணக்குப் பார்த்து எண்ணெய் விடுகிறவர்கள் ரயிலில் புளியோதரை கொண்டுபோக வேண்டாம்.

இதெல்லாம் கையில் இருந்தாலும் வழியில் வாங்கித் தின்பது தனி. நாக்பூரில் ஆரஞ்சு, ஆக்ராவில் பேட்டா. பேட்டா என்பது பூசணியில் செய்கிற மிட்டாய் என்று தெரிந்ததும் பாட்டி தொடவில்லை. “பூசணியை வாசலில் உடைக்கலாம், சாம்பாரில் போடலாம். சர்க்கரையில் போடுவதா!”

குடிக்கத் தண்ணீர்?

பாட்டில் தண்ணீர் எல்லாம் அப்போது ஏது. திருகுமூடி போட்ட எவர்சில்வர் கூஜா ஒன்றுதான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கிப் பிடிக்க வேண்டும். மே மாதம் நாக்பூருக்கு முன்னால் வரும் பல்ஹார்ஷா தாண்டினால் ஜன்னல் வழியாக வருவது காற்று இல்லை, அடுப்பு அனல். துண்டை நனைத்து ஜன்னல் கம்பியில் கட்டுவோம். கால் மணி நேரத்தில் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும்.

எப்போதாவது தொலைந்து போனதுண்டா? பயமாக இருக்காதா?

பிள்ளைகள் தொலையவில்லை. அப்பாதான் தொலைந்தார், மத்தியப் பிரதேசத்து இடார்சி ஜங்ஷனில்.

அதே 1986 பயணம். எனக்குப் பத்து வயது. கூஜா என் பொறுப்பு என்றாலும் பிளாட்பாரத்தில் இறங்குவது அப்பாதான். குழாயடியில் கூட்டம். வண்டி ஊதியது. அப்பா திரும்பிப் பார்த்தார், கூஜா பாதிதான் நிறைந்திருந்தது. பாதிக் கூஜாவோடு வருவாரா, அவர் சுபாவம் என்ன? நின்று நிரப்பினார். வண்டி நகர்ந்தது. அவர் ஓடுவது தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. அன்றைக்குப் பல பெட்டிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி கிடையாது. கடைசிப் பெட்டியில் ஏறிவிட்டாரா, பிளாட்பாரத்திலேயே நிற்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரு மார்க்கமும் இல்லை.

அழுதது பாட்டி. அம்மா அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, மடியில் கிடந்த அப்பாவின் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அந்த நேரம் பார்த்து டிடிஆர் வந்தார். பாஸ் அப்பாவின் சட்டைப் பையில். அம்மாவுக்கு இந்தியில் தெரிந்தது “நஹி” ஒன்றுதான். கூஜா இருந்த இடத்தைக் காட்டினாள், ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள், “ஹஸ்பெண்ட், பானி, நஹி” என்றாள். டிடிஆர் எங்கள் நாலு பேரையும் பார்த்தார், ஹோல்டாலைப் பார்த்தார், சங்கிலி போட்டுப் பூட்டிய டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்த ‘ஜி.ஓ.சி.’யைப் பார்த்தார். பொன்மலைக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடு அது. “ரெயில்வே?” என்றார். அம்மா தலையாட்டினாள். எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து வண்டி நிற்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அம்மா ஒரு பொட்டலம் புளியோதரை கொடுத்தாள். முதல் வாயில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. ஆனாலும் முழுதும் சாப்பிட்டார்.

வழியில் நர்மதைப் பாலம் வந்தது. ஆறு வந்தால் காசு போடுவது எங்கள் வழக்கம். கிருஷ்ணா, கோதாவரி இரண்டிலும் பத்துப் பைசா போட்டாகிவிட்டது. நர்மதையில் அம்மா ஒரு ரூபாயைப் போட்டாள். வண்டி நின்றதும் கடைசிப் பெட்டிப் பக்கமிருந்து அப்பா நடந்து வந்தார். சட்டை கருப்பு. கூஜா தளும்பத் தளும்பத் தண்ணீர், மூடியைக் காணோம். “மூடி எங்கே?” என்று கேட்டாள் அம்மா. அவ்வளவுதான் கேட்டாள். அன்றிலிருந்து பாஸ் அம்மாவின் மஞ்சள் பைக்குப் போயிற்று. இன்றைக்கும் என் பையன் டிக்கெட்டெல்லாம் அவன் போனில் இல்லை, என் போனில்தான்.

பள்ளிக்கூடம் கெடாதா?

பெரும்பாலும் கோடை லீவில்தான் போவோம். டிசம்பர் பாஸ் மட்டும் சில நாள் இடிக்கும். வீட்டுப்பாடத்தை வண்டியில் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு டீச்சர் என் நோட்டைப் பார்த்ததும் “இந்தப் பக்கம் வண்டி ஓடும்போது, இது ஸ்டேஷனில் நிற்கும்போது” என்று சரியாகப் பிரித்துச் சொல்வார். கணக்கில் நான் சுமார்தான், பயணம் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. புவியியலில் மட்டும் ஒரு சௌகரியம். சம்பல் பள்ளத்தாக்கு என்று புத்தகத்தில் வந்தபோது எனக்கு அது படமாக இல்லை. தோல்பூர் தாண்டும்போது யாரோ மண்ணைப் பிறாண்டி வைத்தது போலக் கிடந்ததை, கொள்ளைக்காரன் தலை தெரிகிறதா என்று நானும் அக்காவும் ஜன்னலில் முகத்தைப் பதித்துத் தேடிய இடம் அது. தெரியவில்லை. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

வண்டியில் போனாலே என் பிள்ளைக்கு வாந்தி. என்ன செய்யலாம்?

அக்காவுக்கு ரயிலில் வராது, பஸ்ஸில் ஏறினால் போதும். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு “நகர்கிறோம்” என்கிறது, கண் சீட்டுக்குள்ளேயே எதையோ பார்த்துக்கொண்டு “நகரவில்லை” என்கிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டல். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம். பிறகு பலருக்குத் தானே குறையும். முன் சீட்டில் உட்காரவைத்து, வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகம், போன் கூடாது. வயிறு முட்டச் சாப்பாடும் கூடாது, வெறும் வயிறும் கூடாது. மாத்திரை டாக்டரைக் கேட்டு. அம்மா எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பாள். அது வாந்தியை நிறுத்தியதா என்றால் சொல்லத் தெரியாது. கையில் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது, அவ்வளவுதான். கொடைக்கானல் மலைப்பாதையில் அக்காவுக்கு எதுவுமே உதவவில்லை.

நாள், கிழமை பார்த்துத்தான் கிளம்புவீர்களா?

பாட்டிக்குச் சூலம், அப்பாவுக்கு ரிசர்வேஷன். திங்கள், சனி கிழக்கே சூலம். செவ்வாய், புதன் வடக்கே. வியாழன் தெற்கே. வெள்ளி, ஞாயிறு மேற்கே. அந்தத் திசையில் அன்றைக்குப் போகக் கூடாது. அப்பா டிக்கெட் போடுவது புதன்கிழமை டில்லிக்கு! ஆனால் எல்லாவற்றுக்கும் பரிகாரம் வைத்திருக்கிறார்களே. கிழக்கே என்றால் தயிர், வடக்கே பால், மேற்கே வெல்லம், தெற்கே தைலம். “ஒரு வாய் பால் குடிச்சிட்டுப் போ, சூலம் ஒண்ணும் பண்ணாது” என்று பாட்டியே டம்ளரை நீட்டுவாள். பயணம் பிடித்துப்போன பாட்டி அவள். சாஸ்திரத்தையும் விடவில்லை, வண்டியையும் விடவில்லை.

எங்கே தங்குவீர்கள்?

ஓட்டலில் தங்கியதாக நினைவில்லை. ஸ்டேஷனிலேயே பயணிகள் தங்கும் ரிடையரிங் ரூம், வெயிட்டிங் ஹால், சத்திரம். மதுரையில் ஜங்ஷனுக்கு எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். கங்கைக் கரையில் சாம்பார் வாசனை வந்தால் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி ஊர் சுற்றியதில் இழந்தது ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் மட்டும் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

1988-ல் பூரியில் இருந்தோம். லால்குடியில் அம்மாவின் அப்பா, என் தாத்தா, தவறிப்போனார். முதல் நாள் வரை நடமாடிக்கொண்டிருந்தவர். மாமா பொன்மலைக்குத் தந்தி கொடுத்தார், பூட்டிய வீட்டுக் கதவிடுக்கில் அது கிடந்தது. நாங்கள் சங்கும் சோழியும் வாங்கிக்கொண்டு ஐந்து நாள் கழித்து வந்து கதவைத் திறந்தோம். தந்தி காலடியில். அம்மா கூடை, பை எதையும் இறக்கி வைக்காமல் அப்படியே லால்குடிக்கு பஸ் ஏறினாள். காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது, முகம் பார்க்கவில்லை. மாமா இரண்டு வருஷம் அப்பாவோடு பேசவில்லை. “உங்களுக்கு ஊர் சுத்துறதுதான் பெரிசு மச்சான்” என்று அன்றைக்குச் சொன்னதோடு சரி. அதற்கு அப்பா பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு எப்போது கிளம்பினாலும் எந்த நாள் எந்த வண்டி, எந்த ஊரில் எங்கே தங்கல் என்று இரண்டு காகிதம் எழுதுவார். ஒன்று பக்கத்து வீட்டுக்கு, ஒன்று மாமாவுக்கு. கார்பன் வைத்து எழுதிய அந்தக் காகிதங்கள் நோட்டுக்குள் இன்னும் இருக்கின்றன. இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் நான் என் மாமியாருக்கு ஒரு காகிதம் எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

சின்ன இழப்புகளும் உண்டு. கோடை லீவு முடிந்து வந்தால் தெருவில் புது ஆட்டம் ஒன்று ஆரம்பித்திருக்கும், சட்டமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அக்கா இதைத்தான் பெரிதாகச் சொல்வாள். அவளுக்குப் பயணமே பிடிக்காது. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்கு ஒரே ருசி இருக்கும் என்று யார் சொன்னது? கல்யாணமாகி ஸ்ரீரங்கம் போனாள். காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி டவுனுக்கு வருவதையே வெளியூர்ப் பயணமாகச் சொல்கிறாள். “நான் பார்க்க வேண்டியதெல்லாம் பதினெட்டு வயசுக்குள்ள பார்த்துட்டேன்” என்பாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. பிள்ளைகளைக் கேட்காமல்தான் எல்லா வீட்டிலும் டிக்கெட் போடுகிறார்கள்.

மறக்க முடியாத ஒரு பயணம்?

தாஜ்மகால் என்று எதிர்பார்க்கிறீர்கள். வெயிலில் தரை சுட்டது மட்டும்தான் ஞாபகம். எனக்கு எப்போதும் 1983-ல் போன பாம்பன்தான்.

பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது. ரோட்டுப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதனால் நாங்கள் போனபோது ராமேஸ்வரத்துக்கு ரயிலை விட்டால் படகுதான். மண்டபம் தாண்டியதும் வண்டி நடை வேகத்துக்கு வந்தது. அப்பா என்னைக் கதவுப் பக்கம் கூட்டிப்போய், பின்னாலிருந்து சட்டையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே எட்டிப் பார்த்தேன். தரை இல்லை. தண்டவாளத்தின் ஓரம்கூடக் கண்ணுக்குப் படவில்லை. பச்சையாகக் கடல். பெட்டி தண்ணீர் மேல் தானாக மிதந்து போகிறது. நடுவில் கப்பலுக்கு வழிவிடத் தூக்குகிற இடம் வந்ததும் சக்கரச் சத்தம் மாறியது. “இப்போ இரும்பு மேல இரும்பு” என்றார் அப்பா. ஃபிட்டர் அல்லவா, அவருக்குக் கடலை விட அதுதான் முக்கியம். பாட்டி கண்ணை மூடி ராமா ராமா என்றிருந்தாள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குள் போன பாசஞ்சரைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

அடுத்த இடம் ஊட்டி ரயிலுக்கு. அந்த நீராவி இன்ஜின்கள் பழுது பார்க்க அப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். கல்லாறில் இறங்கி, தண்டவாளத்தின் நடுவில் ஓடுகிற பல்சட்டத்தை எங்களுக்குக் காட்டினார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும், இன்ஜினும் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை. கூட வந்தவர்கள் மலையைப் பார்த்தார்கள், நாங்கள் பல்லைப் பார்த்தோம்.

பயணம் பிடிக்காதவரைக் கல்யாணம் செய்தால்?

செய்தேன். என் வீட்டுக்காரர் மன்னார்குடி. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையைத் தாண்டியதில்லை. ஆறு மணி வண்டிக்கு நாலு மணிக்கே ஸ்டேஷனில் உட்கார வேண்டும் அவருக்கு. முதல் பயணத்தில் தலையணை உறையோடு தலையணையையும் கொண்டுவந்தார். சண்டையெல்லாம் போட்டுப் பார்த்தோம். கடைசியில் ஒப்பந்தம் இதுதான்: எந்த ஊர் என்பது நான், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது என்பது அவர். இருபது வருஷமாக ஒரு வண்டியையும் விட்டதில்லை.

குழந்தையோடு முதல் ரயில் பயணம். தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், தனி பர்த்தும் கிடையாது. ஐந்து முடிந்து பன்னிரண்டு ஆகாதவர்களுக்கு பர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 2016 முதல் இப்படித்தான். அரை டிக்கெட் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஒன்பது வயதுப் பையனின் முழங்காலை விலாவில் வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன், பர்த் எடுத்துவிடுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. 2024 நவம்பருக்கு முன் 120 நாள் இருந்தது. தட்கல் முதல் நாள் காலை, ஏ.சி.க்கு 10 மணி, மற்றதற்கு 11. ஆதார் இணைக்காத கணக்கில் தட்கல் எடுக்க முடியாது. மிடில் பர்த்தை ராத்திரி 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம். குழந்தை எட்டரைக்கே தூங்கும் என்றால் லோயரோ அப்பரோ பார்த்துப் போடுங்கள். மாற்றுத்துணி உங்களுக்கும் ஒன்று. பிள்ளைக்கு மூன்று எடுத்து வைத்துவிட்டு, மேலே பால் கொட்டிய புடவையோடு பெங்களூர் வரை போனவள் நான்.

முதல் தடவையே கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமில் இருக்கும் திப்ரூகர் என்று கிளம்ப வேண்டாம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி அது. ஒரு ராத்திரி போதும். அல்லது பகலில் மூன்று மணி நேரம், ஜன்னல் சீட்.

என் பிள்ளை ஜன்னலைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறான்.

என் பையனும்தான். பன்னிரண்டு வயது. விட்டுவிட்டேன். நானும் அந்த வயதில் ஜன்னலை மட்டுமா பார்த்தேன்? பாதி நேரம் வார இதழ்த் தொடர்கதை. ஆறு வரும்போது மட்டும் தோளைத் தட்டுவேன். காசு போடுவதை நிறுத்தியாகிவிட்டது, முக்கால்வாசி ஏ.சி. பெட்டி, ஜன்னல் திறக்காது. பார்த்துவிட்டு மறுபடி போனுக்குப் போய்விடுவான். போகட்டும். கூஜா இடத்தில் இப்போது பவர் பேங்க், அது அவன் பொறுப்பு.

அடுத்து எங்கே?

ராமேஸ்வரம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் இதில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகுமாம். அப்பாவுக்கு எண்பத்தி மூன்று வயது, முட்டி வலி. “அந்த லிஃப்டை ஒரு தடவை பார்த்துடணும்” என்று பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிக்கெட் திறந்த அன்று காலை ஏழே முக்காலுக்குப் போன் செய்து “கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டியா?” என்றார். இரண்டு லோயர் கிடைத்தது. அக்காவையும் கேட்டேன். “வரலை. புளிக்காய்ச்சல் வேணா பண்ணித் தரேன்” என்றாள். எண்ணெய் விட்டுப் பண்ணு என்று சொல்லியிருக்கிறேன்.

கிளம்புவது ஒரு வியாழக்கிழமை. டிக்கெட் போட்டு முடித்த பிறகுதான் அம்மா போனை வாங்கி, “வியாழன் தெற்கே சூலமாச்சேடி” என்றாள். அப்புறம் அவளே, “சரி, தலையில ஒரு சொட்டு எண்ணெய் வெச்சுக்கிட்டா போச்சு” என்று வைத்துவிட்டாள்.